இடுப்பு வலிக்கென்று சொன்ன மாத்திரை

உப்பளத்தில் மாத்திரை என்பது வெற்றிலை பாக்கு மாதிரி. கேட்டால் கொடுத்துவிட வேண்டும். மரக்காணத்தில் வேலைக்குச் சேர்ந்த சில நாட்களிலேயே இது எனக்குப் புரிந்தது. பாத்திக்குள் இறங்கும் முன் எல்லோரும் வரப்பில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அப்போது மடியிலிருந்தும் சட்டைப் பையிலிருந்தும் மாத்திரைகள் வெளியே வரும். முட்டிக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, எப்போதோ வந்த காய்ச்சலில் மிஞ்சியது ஒன்று. எது யாருடையது என்று யாரும் பார்ப்பதில்லை. பெயரும் தேவையில்லை, நிறம் போதும். "ஏம்பா, அந்த மஞ்சளு இருக்குதா?" என்று கேட்டு, இருந்தால் வாயில் போட்டு, டீயோடு விழுங்கிவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு உப்பு வாரப் போய்விடுவார்கள்.

இல்லை என்று சொல்லலாம். சொன்னவனுக்கு அன்றைக்குக் கூடை தூக்கிவிட ஆள் கிடைக்காது, அவ்வளவுதான். ஈர உப்பு நிறைந்த கூடையைத் தனி ஆளாகத் தலைக்கு ஏற்ற எந்தப் பயில்வானாலும் முடியாது. எதிரே ஒருவர் நின்று ஒரு கை பிடிக்க வேண்டும். எனக்குக் கை பிடித்தது ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள் இருப்பாள். வாயைத் திறந்தால் வசவு. கூடையை என் தலையில் வைக்கும்போதெல்லாம், "கழுத்த நேரா வைடா, கோழி மாதிரி ஆட்டாத" என்பாள்.

என் சட்டைப் பையிலும் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. அது இடுப்புக்கானது அல்ல.

அதற்கு முந்தைய கதை கொஞ்சம் உண்டு. பத்தாவதைப் பாதியில் விட்டு ஊரைவிட்டுக் கிளம்பியவன் நான். செங்கல் சூளை, லாரி, பனியன் கம்பெனி என்று சுற்றிவிட்டுக் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தேன். கடல் தாண்டி வந்து, பணம் கட்டி, கண்ணை மூடி மூச்சு விடுகிறவர்கள் தங்கும் இடம். நான் ஓசியில் மூச்சு விட்டுக்கொண்டு அவர்கள் அறையைத் துடைத்தேன். அங்கேதான் எனக்கு அது வந்தது. அழுகையாக வந்திருந்தால் நோய் என்று உடனே தெரிந்திருக்கும். சோம்பலாக வந்தது. பல் துலக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படுத்திருப்பேன், பொழுது சாய்ந்துவிடும். சோறு முன்னால் இருக்கும், கை போகாது. செத்துப்போனால் தேவலை என்றுகூடத் தோன்றும். அதற்கும் எழுந்திருக்க வேண்டுமே என்று அலுப்பாக இருக்கும். அந்த அலுப்புதான் என்னைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். கெஸ்ட் ஹவுஸ் அம்மா இஞ்சி டீ போட்டுக் கொடுத்து, நல்ல எண்ணங்களை உள்ளே இழுத்துக் கெட்டவற்றை வெளியே விடச் சொன்னார். இழுத்தேன், விட்டேன். இருமல் வந்தது.

கடைசியில் அங்கே சமையல் செய்த ஓர் ஆள்தான் என்னை பைக்கில் தூக்கிப் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனான். மன டாக்டர் ஒரு சின்ன வயது அம்மா. தூங்கிப் பல நாள் ஆன முகம். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, இதற்குப் பெயர் சோம்பல் இல்லை என்றார். ராத்திரி சாப்பிட்டதும் ஒரு மாத்திரை. வேலை செய்யச் சில வாரம் ஆகும், நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக்கூடாது. தினமும் கொஞ்சம் வெயிலில் நடங்கள், நான்கு பேரோடு பேசுங்கள் என்றார்.

கெஸ்ட் ஹவுஸ் வேலை அதற்குள் போயிருந்தது. அடுத்துக் கிடைத்த வேலை உப்பளம். மறுமுறை போனபோது டாக்டரிடம் சொன்னேன். "வெயில் பட்டா சரியாகும்னா, மேடம், மரக்காணத்துக்காரங்க எல்லாரும் சிரிச்சிக்கினே இருக்கணும்." அவர் சிரித்துவிட்டார். "மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

விடவில்லை. மெல்ல மெல்லப் பல் துலக்க ஆரம்பித்தேன். பசித்தது. அக்கா திட்டினால் திருப்பித் திட்டினேன். அந்த அட்டை இல்லாவிட்டால் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் தங்கியிருந்த கொட்டகையில் வைக்காமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். அதுதான் தப்பாகப் போனது.

ஒரு நாள் டீ நேரத்தில் குனிந்தபோது அட்டை வெளியே விழுந்தது. என்னோடு உப்பு வாருகிற பெரியவர் ஒருவர் எடுத்துப் பார்த்தார்.

"இன்னா மாத்ரப்பா இது? ரோஸ் கலர்ல சோக்கா இருக்குது."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சேர்ந்த புதிதில், தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்த ஒருவனை மேஸ்திரி வேலையைவிட்டு அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். "பைத்தியத்தல்லாம் வச்சி வேல வாங்க முடியாது. தண்ணில உளுந்துட்டா யாரு பதில் சொல்றது?" என்றார் மேஸ்திரி. பாத்தியில் தண்ணீர் கணுக்கால் அளவுகூட இருக்காது.

"இடுப்பு வலிக்கு" என்றேன்.

உப்பளத்தில் இதைவிட மோசமான பொய் இருக்க முடியாது. இடுப்பு வலி இல்லாத ஆள் அங்கே ஒருவர்கூடக் கிடையாது. பெரியவர் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார். மறுநாள் வந்து, "நல்லா கேக்குதுப்பா" என்றார். எப்படிக் கேட்டதோ அவருக்கே வெளிச்சம். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். மேஸ்திரியும் ஒரு நாள் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "அந்த ரோஸு ஒண்ணு குடுப்பா, முட்டி தாங்கல" என்று வாங்கிப் போனார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும் நாள் வருவதற்கு வெகு முன்பே அட்டை காலி ஆகிக்கொண்டிருந்தது. மிச்சப்படுத்த நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

உடம்பு உடனே காட்டிக் கொடுத்தது. தலை கிறுகிறுத்தது. ராத்திரி தூக்கம் கலைந்தது. ஒரு காலையில் பல் துலக்க வேண்டும் என்று நினைத்துவிட்டு, துலக்காமல் வேலைக்கு வந்தேன். அதுதான் எனக்குப் பயம் கொடுத்தது. வேறு யாருக்காவது சொன்னால் சிரிப்பார்கள்.

அன்றைக்குக் கடைசி இரண்டு மாத்திரை பையில் இருந்தன. அக்கா ஒன்றைக் கேட்டாள். அதுவரை அவள் கேட்டதே இல்லை. கொடுத்தேன். ராத்திரி மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் டீயோடு போட்டாள். வெயில் ஏறியது. நான் கூடையை நிரப்பிவிட்டு நிமிர்ந்தபோது எதிரே ஆளைக் காணவில்லை. உப்புக் குவியல் ஓரம் போய்ப் பார்த்தால், சாக்கை விரித்து, வாயைத் திறந்து, குறட்டை விட்டுக்கொண்டு கிடக்கிறாள். வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. உலுக்கினேன். கண் திறந்து, மூடிக்கொண்டாள். கூப்பாடு போட்டேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். நிழலுக்குத் தூக்கிப் போய்த் தண்ணீர் தெளித்தோம். எழுந்து உட்கார்ந்து முதலில் என்னைத்தான் திட்டினாள்.

"இன்னாடா குடுத்த எனக்கு?"

இனிமேல் மறைக்க முடியாது. மறைத்தால் நாளைக்கு வேறொருத்தர் படுப்பார்.

"அது இடுப்புக்கு இல்லக்கா. எனக்கு மனசு சரியில்லன்னு டாக்டர் குடுத்தது."

பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்போ நான் தின்னதுல்லாம்?"

"அதேதான்."

"எனக்கு இன்னா பைத்தியமா?"

"இருந்திருக்கும்யா. நாலு தின்னீல்ல, இப்போ போயிருக்கும்" என்றாள் அக்கா, பாதிக் கண்ணை மூடிக்கொண்டே.

சிரிப்பு அடங்குவதற்குள் மேஸ்திரி வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது. "நாளைலேர்ந்து நீ வராதப்பா" என்றார். பையில் ஒரே ஒரு மாத்திரை, வேலையும் இல்லை என்றால் அடுத்தது சுவர்தான்.

அக்கா சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"எதுக்கு வரக்கூடாது?"

"மனசு மாத்ர சாப்புடறவன வச்சிக்கினு…"

"சரி. அவன் மாத்ரய சாப்ட்டவங்க எல்லாரையும் அனுப்பிடு. மொதல்ல இவரு. அப்புறம் நானு. அந்த மூணு பொம்பளைங்க. அப்புறம் நீ. ஏன் மொறைக்கிற, நீ முட்டிக்கு வாங்கித் தின்னத நான் பாக்கலன்னு நெனச்சியா? எல்லாரும் போய்ட்டா உன் மொதலாளி வந்து வாருவாரா உப்ப?"

மேஸ்திரி சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். எல்லோரும் அவர் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போயி வேலயப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. முட்டி பற்றியும் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் மன டாக்டர் வரும் நாளுக்குக் காத்திராமல் மறுநாளே போய் மாத்திரை கேட்கச் சொன்னாள் அக்கா. கேட்கச் சொன்னவள் பஸ்ஸிலும் ஏறிவிட்டாள். நீ எதற்கு என்று கேட்டதற்கு, "நீ போயி அங்கயும் இடுப்புன்னு சொல்லுவ" என்றாள். நல்லவேளை, டாக்டர் அன்றைக்கும் வந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்; வாசலில் வரிசை நின்றது.

"மாத்திரையை ஒழுங்காப் போட்டீங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "எல்லாரும் போட்டோம்மா" என்றாள் அக்கா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நடந்ததைக் கேட்டு முடித்ததும் எனக்கு விழுந்த திட்டு கொஞ்சமல்ல. ஒருத்தர் மாத்திரை இன்னொருத்தருக்கு விஷமாகவும் போகலாம், இஷ்டத்துக்கு விட்டு விட்டுப் போட்டால் நோய் திரும்பிவிடும், தீர்ந்தால் அன்றைக்கே வர வேண்டும், வெட்கப்பட்டுக்கொண்டு உட்காரக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அப்புறம் அக்காவைப் பார்த்து, "உங்களுக்கு இப்போ எப்படி இருக்கு? தலை சுத்துதா?" என்றார்.

"அதெல்லாம் இல்லம்மா. தூங்கினேன் பாரு ஒரு தூக்கம், என் பொண்ணு வீட்ட விட்டுப் போனதுலேர்ந்து அப்டி தூங்கினதே இல்ல."

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அக்கா உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "நீ எதுக்குடா நிக்கற? வெளிய போ" என்றாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். புது அட்டை கையில் இருந்தது. அக்கா வரவில்லை. வெகுநேரம் ஆகியும் வரவில்லை. வரிசையில் இருந்தவர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏம்பா, உள்ள இருக்கறது உன் கூட வந்தவங்க தானே? டாக்டரம்மாவோட குடித்தனம் பண்றாங்களா?"

"பேசட்டும்" என்றேன். "அவசரம்னா நீங்க நாளைக்கு வாங்க."

அதற்கு அவர்கள் திட்டியதை இங்கே எழுத முடியாது.