வேலுச்சாமி மச்சான் மோந்து பார்த்த பிரேக்

போன செவ்வாய்க்கிழமை காலை, அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "வேலுச்சாமி அண்ணன் போயிட்டாருங்க. நெஞ்சுவலிங்க." நம்ப முடியவில்லை. நின்ற மெஷினை ஓட வைக்காமல் டீ குடிக்கப் போகாத மனுசன், தான் மட்டும் சொல்லாமல் நின்றுவிடுவாரா?

மண்ணரையில் எங்கள் நிட்டிங் கம்பெனிக்கு, மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் அவர்தான். கம்பெனி ஆட்களே, அவரிடம் திட்டு வாங்காதவர்கள் கையைத் தூக்குங்கள். யாரும் தூக்க மாட்டீர்கள். திட்டினாலும் மரியாதையாகத்தான் திட்டுவார். "ஏனுங்க, கண்ணக் கழட்டி ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என் மனைவி சரசு அவரை அண்ணா என்பாள். அந்த முறையில் எனக்கு மச்சான். அதனால் அவருடைய வழுக்கைத் தலையை நான் சும்மா விட்டதே இல்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால், என் பழைய மோட்டார் சைக்கிளில் சரசுவோடு தாராபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன பால் வேன் திடீரென்று நின்றது. முன் பிரேக்கைப் பிடித்தேன். பிரேக் கைப்பிடி வந்து விரலில் ஒட்டிக்கொண்டதே தவிர, வண்டி நிற்கவில்லை. எனக்குச் சிராய்ப்பு. அவளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

"நீங்க வண்டியில போங்க. நான் பஸ்ல வந்துக்கறேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். கட்டுப் பிரித்த பிறகும் அப்படியே. பஸ்ஸில் அவள், பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டு பின்னால் நான். இனி என்னை நம்பி ஏறவே மாட்டாளோ என்று பயம் வந்துவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம், "பழைய வண்டிங்க, பிரேக் அப்படித்தான்" என்றேன். வண்டியைக் காட்டிய இரண்டு ஒர்க் ஷாப்பிலும் அதையேதான் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து முன் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் கட்டையை எடுத்து மூக்கருகே வைத்து மோந்தார்.

"மாப்ள, கீச்சுகீச்சுன்னு சத்தம் வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க மச்சான்."

"எண்ணெய் உட்டீங்களா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அதுவும் நம்ம நிட்டிங் ஆயிலு! ஏனுங்க, இதுல துணி ஓட்டப் போறீங்களா?"

சத்தம் கேட்டால் கை தானாக எண்ணெய்க் கேனுக்குப் போகும், மெஷின்காரன் பழக்கம். அன்று அவர் சொன்னது: "மெஷின்ல உரசுனாத் தப்புங்க. பிரேக்குல உரசலீன்னாத்தான் தப்பு."

"சரசுகிட்ட சொல்லீராதீங்க" என்று கெஞ்சினேன். அவர் பிரேக் டிரம்மைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். புதுக் கட்டை, புதுக் கேபிள். கடைசியில் என்னைப் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, பிடித்தபடியே ஆக்ஸில் நட்டை முறுக்கினார். அப்போதுதான் இரண்டு கட்டையும் டிரம்மில் ஒரே சீராக உட்காருமாம். "உட்டராதீங்க மாப்ள, மொதலாளி சம்பளம் புடிக்கற மாதிரிப் புடிங்க."

பிறகு தன் கனத்த உடம்போடு அவரே பின்னால் ஏறிக்கொண்டார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து வாசலில் பிடித்தேன். கப்பென்று நின்றது. வாங்கிய நாளில்கூட அப்படி நின்றதில்லை. "பாத்தீங்களா அம்மிணி? என்னையே நிறுத்திப்போடுச்சு" என்றார் சரசுவிடம். அடுத்த வெள்ளிக்கிழமை, முருகன் கோயிலுக்கு என் வண்டியிலேயே வந்தாள்.

அவரை அடக்கம் செய்த பிறகு, அவர் வீட்டிலிருந்து சரசுவோடு திரும்பும் வழியில், வண்டியை ஓரமாக நிறுத்தி அவளிடம் உண்மையைச் சொன்னேன். எண்ணெய் விட்டது நான்தான் என்று.

"தெரியுமுங்க. அண்ணன் அன்னைக்கே சொல்லீட்டாரு. எண்ணெய்னாத் தொடச்சுப் போடலாம் அம்மிணி, பயப்படாம ஏறுங்கன்னாரு. அதுனாலதான் ஏறுனேன். பழைய வண்டி, பழைய வண்டின்னே நீங்க சொல்லீட்டு இருந்ததுக்கு ஏறியிருக்கவே மாட்டேன்."

"அப்பறம் ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"அவராச் சொல்லட்டும், நீங்க கேக்காதீங்கன்னாரு."

எத்தனையோ தடவை நான் அவர் வழுக்கையைக் கிண்டலடித்தபோது, இந்த ஒரு எண்ணெயை எடுத்து என் வாயை அடைத்திருக்கலாம். ஒரு நாள்கூட எடுக்கவில்லை. தப்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, செய்தவன் வாய் திறக்கட்டும் என்று இருந்துவிட்டார். நான் திறக்க ஏழு வருஷம் ஆனது. கேட்க அவர் இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தப் பொறுமையைத்தான்.

நேற்று பக்கத்து மெஷினில் துணி முழுக்க ஊசிக்கோடு விழுந்திருந்தது. உடைந்த ஊசியைப் பார்த்தும் மாற்றாமல் போனது யாரென்று எனக்குத் தெரியும். முன்பென்றால் பேரைச் சொல்லிக் கிண்டலடித்து ஷெட்டே சிரிக்கும்படி செய்திருப்பேன். ஊசியை மாற்றிவிட்டு என் மெஷினுக்கு வந்துவிட்டேன்.