கொட்டாஞ்சேனை நானும் கறுவாத்தோட்டத்து நானும்

மேர்சி இன்று காலை போயிட்டா. ஹார்ட் அட்டாக். நாற்பத்தொரு வயசு...

கொழும்பு வெள்ளவத்தையில எங்கட ஒஃபிஸ். வேலை தேடுற ஆட்களுக்கு ஆப் செய்யிற இடம். அங்கே நான் நிர்வாகச் சக்கரவர்த்தி, அதாவது ஏசி பழுதானால் ஆள் கூப்பிடுறவன். அந்த ஆப் ஆருக்கு எந்த வேலையைக் காட்டுது என்று சோதிக்கிறவ மேர்சி.

ஒரு நாள் என்ர சிவியைக் கேட்டு வாங்கினா. "அங்கிள், உங்களை ரெண்டு ஆளாக்கப் போறன்."

"உலகம் தாங்காது பிள்ளை."

ரெண்டு சிவியிலயும் பேர், படிப்பு, அனுபவம் எல்லாம் ஒன்றுதான். ஒருத்தனுக்கு மட்டும் நான் இருக்கிற, சின்ன வீடுகள் நெருக்கியடிக்கிற கொட்டாஞ்சேனை விலாசம், மற்றவனுக்குப் பெரிய பங்களாக்கள் இருக்கிற கறுவாத்தோட்டம்.

கறுவாத்தோட்டத்து எனக்கு மனேஜர் வேலைகள் பட்டாளம் பட்டாளமாக வந்து சல்யூட் அடித்தன. கொட்டாஞ்சேனை எனக்கு... செக்யூரிட்டி, பெட்டி கட்டுற பெக்கிங், திரும்பவும் செக்யூரிட்டி. மனிதகுல வரலாற்றில் தன்னைப் பார்த்துத் தானே வயிறெரிந்த முதல் ஆள் நான்தான்.

பொஸ் சொன்னார், "மெஷின்தானே மேர்சி, அதுக்கென்ன ஏரியா தெரியும்?"

"கொம்பனிகள் இவ்வளவு நாளும் ஆரை எடுத்ததோ, அதைப் பார்த்துத்தானே சேர் அது படிச்சது."

மூன்று கிழமை மேர்சி அந்த வெர்ஷனை வெளியே விடேல்ல, திருத்தித் திருத்திப் பார்த்தா. ரெண்டு எனக்கும் ஒரே லிஸ்ட் வந்த அன்று மீன் வைச்ச மாலு பாண் ஒன்று வாங்கித் தந்தா. "சண்டை பிடிக்காமல் ரெண்டு பேரும் பாதி பாதி சாப்பிடுங்கோ."

இன்றைக்குச் செய்தி கேட்ட கையோட, ஏனென்று தெரியாது, மேர்சி ஆப்பைச் சோதிக்கிற டெஸ்ட் ஃபோனைத் திறந்தன். திங்கட்கிழமை வெளியே போற புது வெர்ஷன், மேர்சி இன்னும் கை வைக்காதது. கொட்டாஞ்சேனை எனக்கு மறுபடியும் செக்யூரிட்டி.

இது பகிடி இல்லை. என்ர மகள் டிகிரி முடிச்சு, போன மாதம்தான் அதே ஆப்பில சிவி போட்டவள். அதே கொட்டாஞ்சேனை விலாசம்.

அந்த லிஸ்டைப் பொஸ்ஸுக்கு வட்ஸ்அப்பில அனுப்பினன். அவர் எழுதினார், "அண்ணை, முதல்ல செத்தவீடு முடியட்டும். இப்ப அதைப் பார்க்க ஆள் இல்லை."

அப்ப திங்கட்கிழமை தள்ளிப்போகுமா என்று கேட்டன். நீல டிக் விழுந்திருக்கு. வாசிச்ச அடையாளம் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை உன்னை அடக்கம் செய்யினம் பிள்ளை. அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு உன்ர கதிரையில நான் இருப்பன். எதை அமத்திறது, எதை நிப்பாட்டுறது, ஒன்றும் தெரியாது. எழும்ப மட்டும் மாட்டன்.

போயிட்டு வா மேர்சி.