முப்பது கிலோ மிச்சம்

இது நான் இட்டுக்கட்டியது இல்லை. இட்டுக்கட்டுவதாக இருந்தால் நள்ளிரவு, கும்மிருட்டு என்று ஆரம்பித்திருப்பேன். இது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நல்ல வெளிச்சத்தில். நடந்தது என் அக்காள் கணவருக்கு. அவர் பல் டாக்டர். வலிக்கும் என்றால் வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற மனிதர். பொய் அவர் வாயில் வராது.

மாமாவுக்கு இருந்த ஒரே பைத்தியம் பழைய டீசல் பிக்கப் வண்டிகள். பதினெட்டு வருஷத்தில் நான்கு வாங்கினார். முதல் வண்டியை அரை அடி உயர்த்தினார். இரண்டாவதற்கு டர்போ மாட்டினார். அது கக்கிய புகையில் பக்கத்து வீட்டுக் கொடித் துணியெல்லாம் கறுத்தது. மூன்றாவதை அக்கு அக்காகப் பிரித்தார், பிரித்தபடியே விற்றார். "ஆறு நாள் ஊரார் பல்லைப் பிடுங்குறாரு, ஏழாவது நாள் வண்டிப் பல்லைப் பிடுங்குறாரு" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

நான்காவது வண்டிக்கு வயது முப்பத்தொன்று. இஞ்சின் கல்லு மாதிரி. ஆனால் பின்பக்கம் தொய்ந்து போயிருந்தது. பாரம் தாங்கத் தடிமனான ஸ்பிரிங் பட்டை போட வேண்டும். அந்த மாடலுக்குப் புதிதாக இப்போது யாரும் செய்வதில்லை. அலையாய் அலைந்து ஒரு பழைய சாமான் கடையில் ஒரு ஜோடி பிடித்தார். மாமாவின் மெக்கானிக்குக்கு 'புகை' என்று பட்டப்பெயர். சைலன்சர் புகையை மோந்தே வண்டிக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். அவர்தான் மாட்டிக் கொடுத்தார். பின்பக்கம் ஜம்மென்று எழும்பி நின்றது. தரையிலிருந்து பின்தட்டின் விளிம்பு வரை எண்பத்தாறு சென்டிமீட்டர். மாமா டேப் வைத்து இரண்டு முறை அளந்தார்.

மறுநாள் கிளினிக்குக்கு லீவு விட்டு, அக்காவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவதாகத் திட்டம். அதற்கு முன் பதிவுக்காக வண்டியின் வெற்று எடையை வாங்கிவிடலாம் என்று கிளம்பினார். நகரத்துக்கு வெளியே, கல்குவாரிச் சாலையில் ஓர் எடைமேடை உண்டு. மாலை 4.35. வண்டியை மேடையில் நிறுத்திவிட்டு இறங்கினார்.

1,890 கிலோ.

சீட்டை வாங்கிப் பையில் வைத்தார். வந்தது வந்தோம், மேட்டில் ஓர் ஓட்டம் பார்க்கலாம் என்று குவாரிப் பக்கம் திருப்பினார். மூன்றாவது கியரில் வண்டி பூப்போல ஏறியது. உச்சியில் ஒரு திருப்பம். அங்கே நிறுத்தி, இறங்காமல், வண்டியைத் திருப்பினார்.

5.15. வண்டி ஒரு தரம் குலுங்கியது.

பள்ளம் எதுவும் இல்லை. மறுபடி ஒரு குலுங்கல். மறுபடியும்.

பிறகு தலைக்கு மேலே, கூரைத் தகரத்தில்... டப், டப்.

பின்தட்டில் ஆட்கள் ஏறி உட்கார்ந்ததும், 'போகலாம்' என்று டிரைவருக்குத் தட்டிச் சொல்வார்களே, அதே தட்டு.

மாமா கண்ணாடியில் பார்த்தார். பின்தட்டு காலி.

வண்டியை நகர்த்தினார். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது, பிடித்தது. ஆனால் சுமை ஏற்றிய வண்டி போலத் தள்ளிக்கொண்டு போனது. அடிவாரத்தில் ஓரம் கட்டினார். 5.24. டேப்பை எடுத்தார்.

எழுபத்தொன்பது.

ஏழு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. பட்டை முறிந்திருக்கும் என்று நினைத்தார். மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். பட்டைகள் முழுசாக இருந்தன. பாரத்தில் வளைந்து இருந்தன.

அப்போது முகத்துக்கு நேர் மேலே, தகடு முனகியது.

கிர்ர்...

யாரோ கால் மாற்றி உட்கார்ந்தது போல.

எப்படி வெளியே வந்தார், எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை. மனுஷ வாசனைக்காக எடைமேடைக்கே வந்து சேர்ந்தார். 5.41. இஞ்சினை அணைத்தார், சாவியை உருவினார், குதித்து இறங்கினார்.

எடைமேடைக்காரர் கூண்டிலிருந்து தலையை நீட்டினார். "என்னங்க டாக்டர், எங்கயாவது லோடு ஏத்துனீங்களா?"

"இல்லையே..."

"ரெண்டாயிரத்து நூறு காட்டுது!"

அவர் வெளியே வந்தார். இருவரும் கூண்டின் மேலிருந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். காற்று இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை.

கிர்ர்...

2,040.

வண்டியின் பின்பக்கம் லேசாக எழும்பியது. கண்ணால் பார்த்தார்கள்.

1,970.

எடைமேடைக்காரர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர்... இறங்குறாங்க."

1,920.

நின்றுவிட்டது.

பின்தட்டு பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் எண் இறங்கவில்லை.

முப்பது கிலோ... மிச்சம்.

மாமா மெல்லத் திரும்பி முன்பக்கம் பார்த்தார். டிரைவருக்குப் பக்கத்து சீட். போன வாரம்தான் புது மெத்தை தைத்துப் போட்டிருந்தார்.

மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது.

டிக்...

இண்டிகேட்டர் விளக்கு எரிந்தது.

சாவி மாமாவின் கையில் இருந்தது.

டிக்... டிக்... இடது பக்கம். அணைந்தது. டிக்... டிக்... வலது பக்கம். வைப்பர் ஒரு தரம் போய் வந்தது. பிறகு ஹாரன். சின்னதாக. ஒரே ஒரு தரம்.

பீப்.

விளையாடுவது போல.

மாமா அந்த வண்டியில் மறுபடி ஏறவில்லை. நடந்தே வீடு வந்தார். முகத்தைப் பார்த்த அக்கா மலைப் பயணத்துக்குக் கட்டிய மூட்டையைத் தானே பிரித்துவிட்டாள். மறுநாள் உச்சி வெயிலில் மெக்கானிக் புகை போய், எடைமேடையிலேயே வைத்துப் பட்டைகளைக் கழற்றினார். பழைய பட்டைகளை மாட்டினார். எண்ணைப் பார்த்தால், அந்த முப்பது கிலோ போயிருந்தது. வண்டி மறுபடி தொய்ந்து நின்றது. தொய்ந்தால் தொய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

புதன்கிழமை காலை 10.20. கழற்றிய பட்டைகளோடு மாமா சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. பட்டைகளை வாங்கிச் சுவரோரம் சாய்த்தார்.

"எடை போட்டீங்களா டாக்டர்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் குடுத்துட்டாங்க. அஞ்சு வருஷம் முன்னாடி ஒருத்தர். எல்லாம் இறங்குது, இருபது கிலோ மட்டும் இறங்கலைன்னாரு. ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொருத்தர். அவரு இருபத்தஞ்சுன்னாரு. கிறுக்குப் பசங்கன்னு நினைச்சேன். மூணாவதா நீங்களும் வந்து நிக்கிறீங்க... நீங்க பொய் சொல்ற ஆளில்லை."

"எந்த வண்டிப் பட்டை இது?"

"குவாரி ஆளுங்களை ஏத்திட்டுப் போன வண்டி. அந்த மேட்டுத் திருப்பத்துல கவுந்துருச்சு. இந்த மாசத்தோட பத்து வருஷம் ஆகுது. பின்னாடி இருந்த மூணு பேரும் அங்கயே போய்ட்டாங்க."

"நாலு பேரு" என்றார் மாமா. "ஒரு குழந்தையும் இருந்திருக்கணும்."

"குழந்தையா? இல்லீங்களே. மூணே பேருதான். புருஷன், பொண்டாட்டி, அவ தம்பி." கடைக்காரர் நிறுத்தினார். பட்டைகள் இருந்த பக்கம் பார்க்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அந்தப் பொண்ணு மட்டும்... நிறைமாசம்."