தறிக்குழியை நிரப்பிய செம்மண்

அந்த இரண்டு அதிகாரிகளும் சங்கரன்கோவிலில் இருந்த நேரம் முழுவதும் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை. மேன்டில் கம்பெனி முதலாளி தன் கையாலேயே தம்ளரை நீட்டினார். "இப்போதுதான் குடித்தோம்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார்கள், நான் அதை எல்லோருக்கும் கேட்கத் தமிழில் சொன்னேன். பச்சைப் பொய். ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து நான் அவர்கள்கூடவேதான் இருந்தேன். பிறகு வாடகைக் காருக்குள் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த பிஸ்கட்டைத் தின்று, ஃபிளாஸ்க் தண்ணீரைக் குடித்தார்கள். அந்த இடத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்று எங்களுக்குச் சொல்ல வந்தவர்கள் அவர்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் அங்கே ஒரு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். சொந்த ஊர் குருவிகுளம் பக்கம். கல்யாணம் ஆகவில்லை. நெசவாளர் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். வீட்டுக்காரியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். புருஷன் இல்லாதவள். ஒரு மகன், வெளியூரில் கட்டிக்கொடுத்த ஒரு மகள். முன்னறையில் புருஷன் நெய்த குழித்தறி இருந்தது. தரையில் குழி வெட்டி, நெய்கிறவர் அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற தறி. அவர் போன பிறகு தறியைப் பிரித்துவிட்டார்கள். குழி மட்டும் பலகை மூடிக் கிடந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் அந்த வருஷங்களில் இதே கதைதான். விசைத்தறி வாங்க வேண்டும், அதற்கு முதலில் குழியை நிரப்ப வேண்டும்.

குழியை நிரப்புவது சாதாரணக் காரியம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்கள் பக்கத்து மண் கரிசல். மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். அதன்மேல் விசைத்தறியை நிறுத்தினால் ஆறே மாதத்தில் தறி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். செம்மண் வேண்டும். அதுவும் சரளை கலந்த செம்மண். அதற்கு எங்கே போவது? அக்காவின் மகன் அதற்காகவே ஒரு வருஷமாக அலைந்துகொண்டிருந்தான்.

அக்கா மேன்டில் கம்பெனியில் வேலை பார்த்தாள். கல்யாண ஊர்வலத்திலும் கோவில் கொடையிலும் தலையில் தூக்கி வருவார்களே காஸ் லைட், அதற்குள் வெள்ளைப் பை மாதிரி தொங்கி எரிவதுதான் மேன்டில். நூலில் பின்னிய அந்தப் பையைத் தோரியம் கலந்த கரைசலில் முக்கிக் காயப்போட வேண்டும். தோரியம் கதிரியக்கம் உள்ள பொருள். அது கம்பெனியில் வேலை பார்த்த பெண்கள் ஒருவருக்கும் தெரியாது. அவர்களுக்கு அது "மருந்து". வெறுங்கையால் முக்குவார்கள், வெறுங்கையால் பிழிவார்கள், அதே கையால் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிடுவார்கள். கை அரித்தால் கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிக்கொள்வார்கள். மிச்சம் விழுந்த மருந்துத் தண்ணீர் முழுவதும் கம்பெனிக் கொல்லையில் ஊற்றப்பட்டது. கொல்லை சேறாகாமல் இருக்க முதலாளி என்றைக்கோ வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தது செம்மண்.

ஊரெல்லாம் கரண்டு வந்து மேன்டில் வியாபாரம் படுத்தது. முதலாளி கம்பெனியை மூடப்போகிறேன் என்று மேலே எழுதிப்போட்டார். தோரியம் வாங்க அனுமதி கொடுத்தவர்கள், மூடுவதற்கு முன் இடத்தைச் சுத்தப்படுத்திக் காட்ட வேண்டும் என்று பதில் எழுதினார்கள். கொல்லை மண்ணை இரண்டடி ஆழத்துக்கு வெட்டி எடுத்து, ஊருக்கு வெளியே ஆழக் குழியில் புதைத்து, மேலே சிமெண்ட் மூடி போட வேண்டும். அதைப் பார்வையிடத்தான் வடக்கேயிருந்து அந்த இரண்டு பேரும் வந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. அக்கா என் பேரைச் சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்தது. எனக்கு ஒரே பெருமை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு அந்தச் சட்டையை நான் தொட்டதே இல்லை.

கொல்லையில் மண்ணை வெட்டி மலை மாதிரி குவித்திருந்தார்கள். அதிகாரிகள் பூட்ஸின்மேல் துணி உறை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். சுற்றிலும் வேலைக்காரப் பெண்கள் வெறுங்காலோடு நின்றார்கள். கதிரியக்கத்தை அளக்கிற மீட்டர் பெட்டியை வெட்டிய தரையில் காட்டினார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டியது. குவியலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று சத்தம். அதிகாரிகளில் சின்னவர் உடனே இரண்டடி பின்னால் போனார். பெரியவர் என்னிடம், "தரை பரவாயில்லை. குவியலைப் புதைத்துவிட்டால் போதும்" என்றார். புதைக்கிற குழி எங்கே என்று கேட்டார். முதலாளி தலையைச் சொறிந்தார்.

"நாளைக்குத் தோண்டிருவோம்னு சொல்லுங்க சார்வாள். ஆளு சொல்லியாச்சு."

அப்போது அக்கா கூட்டத்திலிருந்து ஒரு எட்டு முன்னால் வந்தாள். இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். உள்ளங்கை வெளுத்து, விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

"சார்வாள், எங்க கைக்கும் அந்தப் பெட்டிய வச்சுப் பாக்கச் சொல்லுங்க. அஞ்சு வருசமா இந்த மருந்துலதான் கெடக்கோம்."

நான் சொன்னேன். பெரியவர் அவள் கையைப் பார்க்கவே இல்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாங்கள் மண்ணுக்காக வந்திருக்கிறோம். ஆட்களைப் பரிசோதிப்பது எங்கள் வேலை அல்ல" என்றார். அதை அப்படியே அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அதெல்லாம் வேண்டியதில்லையாம்க்கா, ஒண்ணும் செய்யாதாம்" என்றேன். ஒன்றும் செய்யாது என்று அந்த மனிதர் சொல்லவே இல்லை. அது என் சொந்தச் சரக்கு. அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பின்னால் போய் நின்றாள்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பெரியவர் காரின் மேலேயே காகிதங்களை விரித்தார். மூன்று நகல். எல்லாம் அவர்கள் ஊரிலிருந்து வரும்போதே டைப் அடித்துக் கொண்டுவந்தவை. மண் முழுவதும் ஆழக் குழியில் புதைக்கப்பட்டு, மூடி போடப்பட்டு, எங்கள் முன்னிலையில் வேலை திருப்தியாக முடிந்தது என்று அதில் இருந்தது. குவியல் எங்கள் முதுகுக்குப் பின்னால் கிடந்தது. நான் அதைத் திரும்பிப் பார்த்தேன். பெரியவர் சிரித்தார். "நாளைக்கு முடிந்துவிடும். இந்தக் காகிதம் ஆபீஸ் போய்ச் சேர நாலு நாள் ஆகும். எல்லாம் ஒன்றுதான்" என்றார். உள்ளூர் சாட்சி ஒருவர் வேண்டும், நீங்கள் அறிவியல் படித்தவர் என்று பேனாவைத் திறந்து கொடுத்தார். நான் போட்டேன். பட்டத்தையும் சேர்த்து எழுதிப் போட்டேன். கார் கிளம்புவதற்கு முன் அந்தத் துணி உறைகளைக் கழற்றி அங்கேயே எறிந்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண் அதை எடுத்து உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள், கரித்துணிக்கு ஆகும் என்று.

ஒரு வாரத்தில் அரையாண்டு லீவு. ஊருக்குப் போய்விட்டு வந்து கம்பெனிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். குவியல் இல்லை. புதைத்துவிட்டார்கள் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். முன்னறை வாசலில் கால் வைத்ததும் தெரிந்தது. பலகை இல்லை, குழி இல்லை. செக்கச்செவேலென்று திமிசு போட்டு இறுக்கிய தரை. அக்கா சாணி கரைத்து மெழுகிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியளா சார்வாள், ஒருவழியா குழி ரொம்பிட்டு. கம்பெனி மண்ணுதான். வேணுங்கிறவிய அள்ளிக்கிடுங்கன்னு மொதலாளி சொல்லிட்டாரு. தெருவே அள்ளுச்சு. எங்களுக்கு ரெண்டு வண்டி கெடச்சுது."

"யக்கா, அது பொதைக்க வேண்டிய மண்ணுல்லா!" என்றேன்.

"சுத்தம்னு நீங்கதான கையெழுத்து போட்டிய?"

முதலாளி வீட்டுக்கு ஓடினேன். அவர் ஊஞ்சலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "குழி தோண்ட ஆளு வரல. ஜனங்க வந்து கேட்டாவ, குடுத்தேன். இதுல என்ன தப்பு? பொதைச்சாச்சுன்னு நீருதானவே கையெழுத்து போட்டீரு? இப்ப இல்லன்னு சொன்னா யாரு பொய்க்காரன்?" என்றார். அந்த மனிதரின் வெற்றிலை வாயைப் பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். தோரியம் என்றால் என்ன, பெட்டி ஏன் பொரிந்தது, கொஞ்சமாக இருந்தாலும் அதன்மேலேயே படுத்துக் கிடப்பது ஏன் நல்லதில்லை, எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். மகளுக்கு இது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தை முடிவதற்குள் கூட்டிவர வேண்டும். இருப்பது இந்த ஒரு அறைதான். கூட்டிவரலாமா, கூடாதா?

"அவிய பெட்டிய கொண்டாந்து இந்தத் தரைல வச்சுப் பாத்துச் சொல்லட்டும் சார்வாள். வேண்டாம்னா இப்பவே தோண்டிப் போட்டுருதோம். மகன் இன்னும் தறிய எறக்கல."

அன்றைக்கே அந்த அதிகாரிகளின் ஆபீசுக்கு எழுதினேன். நடந்ததை ஒளிக்காமல், என் கையெழுத்தும் பொய் என்று எழுதி, தெருவில் மண் போன வீடுகளையெல்லாம் வந்து அளக்கச் சொல்லிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அக்கா தினமும் சாயங்காலம் "தபால் வந்துச்சா?" என்று கேட்பாள். சம்பந்தி வீட்டில் ஏதேதோ சாக்குச் சொல்லி மகள் வருவதைத் தள்ளிப்போட்டாள். மகனுக்கு என்மேல் கோபம். தறி வந்து வாசலில் சாக்கு மூடிக் கிடந்தது. "வாத்தியாரு சொல்லுதாருன்னு எத்தன நாளு காத்துக் கெடக்க?" என்று எனக்குக் கேட்கும்படியே கத்துவான்.

தை பாதியில் பதில் வந்தது. அரைப் பக்கம். மேற்படி இடத்தின் மண் விதிப்படி அகற்றிப் புதைக்கப்பட்டதாக ஆவணங்கள் உறுதி செய்கின்றன, கோப்பு முடிக்கப்பட்டது, மேல் நடவடிக்கை தேவையில்லை. ஆதாரமாக ஒரு நகலை இணைத்திருந்தார்கள். அடியில் என் கையெழுத்து, பட்டத்தோடு.

மகன் அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் எட்டாம் வகுப்புப் படித்த இங்கிலீஷில் எழுத்துக்கூட்டினான். "அரசாங்கமே முடிஞ்சுட்டுன்னு எழுதிட்டு. இன்னும் என்னம்மா?" என்றான். அக்கா என்னைப் பார்த்தாள். தோண்டிப் போடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தோண்டினால் அந்த மண்ணை எங்கே கொட்டுவது, மறுபடி செம்மண்ணுக்கு எங்கே போவது என்று மகன் கேட்டான். நான் பின்கட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் தறியை இறக்கி போல்ட் முடுக்கினார்கள். அந்த வாரமே மகள் வந்தாள். தறிக்கும் சுவருக்கும் நடுவில் அவளுக்குப் பாய்.

தறிச் சத்தத்தில் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறை கிடைத்துவிட்டது, நடை மிச்சம் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. பெட்டியையும் படுக்கையையும் வண்டியில் ஏற்றிவிட்டு, சொல்லிக்கொள்ள முன்னறை வாசலுக்கு வந்தேன். உள்ளே போகவில்லை. படிக்குக் கீழேயே நின்றேன். மகள் நிறைவயிற்றோடு தரையில் கால் நீட்டி உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அக்கா ஒரு தம்ளரில் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். அந்த வெடித்த விரல்கள். என் கை எழும்பவே இல்லை.

"இப்பத்தான்க்கா குடிச்சேன்" என்றேன்.

அவள் தம்ளரை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். கோபப்படவில்லை.

"அன்னைக்கு அவியளும் இதத்தான் சொன்னாவ, சார்வாள்."