டிரம்மில் வைத்த ஒட்டு

பெட்ரோல் என்றாலே எனக்குக் குமட்டும். பூந்தமல்லியில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் என் மருமகனுக்கோ எல்லாவற்றுக்கும் அதுதான். செயின் கழுவ அது, சட்டையில் ஒட்டிய கிரீஸ் போக அது. சாப்பிட வருமுன் கையையும் அதில்தான் அலசிவிட்டு வருவார். "காத்துல பறந்துடும்" என்பார். பறந்து எங்கே போகும்? என் மூக்குக்குத்தான்.

பாரிவாக்கத்தில் மகள் வீட்டோடு இருக்கிறேன். மருமகன் முகம் பார்த்து நான் பேசுவதில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது, என் கூச்சத்துக்கும் வசதி. எதுவானாலும் மகளிடம் சொல்வேன், அவர் காதில் விழும்.

மகள் முழுகாமல் இருந்த சமயம், லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம் அடியில் விரிசல் விட்டது. மருமகன் தெர்மாகோலைப் பிய்த்துப் பெட்ரோலில் போட்டார். அத்தனை பெரிய அட்டை புஸ்ஸென்று உட்கார்ந்து, என் கண்ணெதிரே சளியாகிப் போனது. அதை டிரம்முக்கு உள்ளேயும் வெளியேயும் அப்பினார்.

"சிமிட்டி மாரி புடிச்சிக்கும் பாரு."

ஒழுகல் நின்றது, நாற்றம் தொடங்கியது. காப்பியில், ரசத்தில், சோற்றில் எல்லாம் அதே நாற்றம். நான் மூச்சை அடக்கிக்கொண்டு விழுங்கினேன். மகளுக்கு ஒரு வாய்கூடத் தங்கவில்லை.

"தண்ணியில பெட்ரோல் வாட அடிக்குதுங்க."

"மசக்கைக்காரிக்கு மல்லிப்பூகூடதான் நாறும்." ஒரு டம்ளர் மொண்டு குடித்துக் காட்டினார். "ஒண்ணியும் தெர்லியே."

நாளெல்லாம் பெட்ரோலில் ஊறும் மூக்குக்கு என்ன தெரியும்?

எதிர்வீட்டுக்காரி வந்து, "புள்ள ஸ்பேனர புடிச்சிகினுதான் பொறக்கப்போவுது" என்று சிரித்தாள். மகள் வாசலில் குனிந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தாள்.

வழக்கப்படி அவர் காதுபட மகளிடம் சொன்னேன்: "தண்ணிதாம்மா நாறுது."

"இன்னாடி, உங்கம்மாவுக்கும் மசக்கையா?" என்றார் அவர்.

உடம்பு கூசிப்போய் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலை, வெறும் தண்ணீரைக் குடித்த மகள் அதையும் கக்கிவிட்டு, கண் இருண்டு சுவரோடு சரிந்தாள். அவளை உட்காரவைத்துவிட்டு டிரம்மிடம் போனேன். அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் இருந்தது. வெயில் பட்டதும் அதன்மேல் மயில்கழுத்து நிறத்தில் ஒரு ஏடு மினுங்கியது. மழை நாளில் பெட்ரோல் பங்க் வாசலில் தேங்கும் தண்ணீரில் பார்த்திருக்கிறேன். அதைத்தான் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுத்திருக்கிறோம். கையை விட்டு ஒட்டை இழுத்தேன். கொழகொழவென்று விரலெல்லாம் நூலாக வந்தது.

"மாப்ள, இங்க வந்து பாருங்க!"

என் குரலைக் கேட்டுப் பதறி ஓடிவந்தார். கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"என்னா அத்தே, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். சிரிச்சீங்க."

அவர் தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, கடைக்குப் போய்த் தண்ணீர் கேன் வாங்கி வந்தார். டிரம்மைப் பாதியாக அறுத்து, தன் கடையில் பழைய செயின் போட்டு வைக்க எடுத்துக்கொண்டார். அதற்கு அதுதான் சரியான இடம்.

என் விரலில் ஒட்டிய பிசின் சோப்புக்கும் போகவில்லை, சீயக்காய்க்கும் போகவில்லை. கடைசியில் அவரே ஒரு பாட்டிலோடு வந்தார்.

"இத்த ஊத்தினாதான் அத்தே போவும்."

சில்லென்று ஊற்றினார். பிசின் போய்விட்டது, வாடை போகவில்லை.

மத்தியானம் மகள் ரசஞ்சோறு தின்று, கேன் தண்ணீர் குடித்தாள். அது வயிற்றில் தங்கியது. எதிரே உட்கார்ந்து, வலது கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக நான் கரண்டியால் சாப்பிட்டேன்.