அணைந்து அணைந்து எரிந்த ஓவன்

செசிலியாவின் சமையலறைக்குள் எறும்புகூடக் காலைத் துடைத்துக்கொண்டுதான் நுழையும் என்பார் அவள் கணவர் ஞானமுத்து. பர்மாவில், தாமுவே பேட்டையின் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குப் போய்வந்த எவரும் இதை மறுத்ததில்லை. கப்பல் கம்பெனியில் தட்டச்சராக இருந்த காலத்தில் அவள் அடித்த காகிதத்தில் ஒரு அடித்தல் திருத்தல் பார்க்க முடியாது. ஓய்வு பெற்றதும் அந்தச் சுத்தம் அப்படியே அடுப்படிக்குக் குடிவந்துவிட்டது.

அங்கே அவளுடைய பெருமை ஒரு பழைய கேஸ் ஓவன். கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து மாதா கோயில் முற்றத்தில் தேநீர் கொடுக்கும்போது, கூடவே செசிலியாவின் சனுவின்மகின் இருந்தாக வேண்டும். ரவையும் தேங்காய்ப்பாலும் கலந்து சுட்டு, மேலே கசகசா தூவிய பர்மாக் கேக் அது.

இந்த வருஷம் பார்த்து ஓவன் காலை வாரியது. பற்றவைத்தால் எரியும், கதவை மூடிய சற்று நேரத்தில் மஞ்சளாகி அணைந்துவிடும். சிலிண்டரை மாற்றிப் பார்த்தார்கள். ரிப்பேர்காரர் குழாயெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார், கசிவு இல்லை. ஓவனுக்கு வயசாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோயில் விருந்துக்குப் பொறுப்பு ஞானமுத்துவின் தங்கை லதா. விஷயம் தெரிந்து ஓடி வந்தாள்.

"கஷ்டப்படாதீங்க அண்ணி. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சரியாகலேன்னா கடையில சொல்லிடுறேன். எல்லாத்துக்கும் ஒரு காலம் இருக்குல்ல?"

"காலம் முடிஞ்சது ஓவனுக்கா, எனக்கா?"

லதா சிரித்து மழுப்பினாள். செசிலியாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"கரண்ட் ஓவன் ஒண்ணு வாங்கிடலாமா?" என்றார் ஞானமுத்து.

"கரண்டு எப்ப வரும், எப்ப போகும்னு அந்த மாதாவுக்கே தெரியாது. அதை நம்பி மாவு கரைக்கச் சொல்றீங்களா?"

மறுநாள் காலையில் தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்துக்கொண்டு ஓவனோடு மல்லுக்கு நின்றாள். கதவு திறந்திருந்தால் நெருப்பு நீலமாக நிமிர்ந்து நின்றது. மூடினால் துவண்டது. திறந்ததும் மறுபடி உயிர் வந்தது. டம்ளரைக் கவிழ்த்தால் மெழுகுவத்தி இப்படித்தானே அணையும்? அப்படியானால் கேஸுக்குக் குறைவில்லை, காற்றுதான் போதவில்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. பண்டிகைக்காக ஓவனைத் தேய்த்துக் கழுவி, கறை படியக்கூடாதென்று பர்னருக்குக் கீழே அடித்தட்டில் வெள்ளித்தாள் விரித்தது அவளேதான். கேஸை மூடி, ஓவன் ஆறியதும் தாளை உருவினாள். அடியில் வரிசையாக, அதுவரை தாள் அடைத்திருந்த காற்றுத் துளைகள்.

"அடக் கடவுளே! யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட கதையால்ல இருக்கு!"

ஞானமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சுத்தம் சோறு போடும்பாங்க. உன் சுத்தம் இருந்த கேக்கையும் பிடுங்கப் பார்த்துச்சே!"

வேறு நாளாயிருந்தால் சண்டைதான். இன்று அவளும் சேர்ந்து சிரித்தாள். ஜன்னலைத் திறந்துவைத்து, ஓவனைப் பற்றவைத்துக் கதவை மூடினாள். நெருப்பு அசையவில்லை, நீலமாகவே நின்றது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது அவளுக்கு. மத்தியானத்துக்கு முன்பே லதாவுக்குப் போன் போட்டாள். "கடைக்குச் சொல்லாதே. தட்டு மட்டும் கழுவி வை."

கிறிஸ்துமஸன்று முற்றத்தில் கேக் தட்டு காலியாகும் நேரத்தில் லதா மெல்ல அருகே வந்தாள்.

"அண்ணி, வீட்டுக்கு ரெண்டு துண்டு..."

செசிலியா பையிலிருந்து, பளபளவென்று கழுவி மடித்த வெள்ளித்தாளை எடுத்து அவள் பங்கைச் சுற்றிக் கொடுத்தாள்.

"என்ன அண்ணி, தாள் பழசா இருக்கு?"

"எல்லாத்துக்கும் ஒரு காலம் இருக்குல்ல, லதா? ஓவனுக்குள்ள இதோட காலம் முடிஞ்சு போச்சு."