கம்பியை விடாத யோசேப்பு அண்ணன்

செவ்வாய்க்கிழமை மதியம் திருகோணமலை ஆஸ்பத்திரியிலிருந்து யோசேப்பு அண்ணனின் மனைவி பிலோமினா அக்கா தொலைபேசியில் அழைத்தார். "நசீர், அண்ணன் போயிட்டார்" என்றார். அவர் அழவில்லை. "அடிச்சவங்கட பேரைப் பொலிஸில சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா, மூண்டு பேரையும் சொன்னனான்."

யோசேப்பு அண்ணனின் கையைத்தான் நான் முதலில் அறிந்தேன். மூதூர்க் கரையில் என் படகு அவருடைய படகில் இடித்தபோது, நான் வாய் திறக்குமுன் கன்னத்தில் அறைந்தார். நானும் திருப்பிக் கொடுத்தேன். மணலில் புரண்டதில் என் சட்டை கிழிந்தது. பின்னேரம் தன் சட்டையொன்றை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "சண்டை உன்னோடதான். சட்டை என்ன செஞ்சது?" என்றார். வீங்கிய உதட்டோடு சிரித்தேன். அடுத்த வருடம் இருவரும் சேர்ந்து ஒரு படகு வாங்கினோம்.

அவர் பெருங் கோபக்காரர். அதை மறைத்து எழுதினால் அவரைத் தெரிந்தவர்கள் என்னை நம்பமாட்டார்கள். இந்த வருடம், கடலில் வெடி போட்டு மீன் பிடித்த ஒருவனை மயிரில் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கி எடுத்தார். "குஞ்சையும் சேத்துக் கொல்லுறியேடா!" என்று கத்தினார். அவன் இருமிக்கொண்டே, "கடலில சந்திப்பம்" என்றான்.

சந்தித்தான். போன வாரம் காலையில் இன்னும் இருவரோடு எங்களை நோக்கி வந்தான். நான் கியரைப் போட்டு எஞ்சினை முறுக்கினேன். எஞ்சின் அலறியது, படகு அசையவில்லை. கியர்ப்பிடி கையில் லொடலொடவென்று ஆடியது.

"கியர் விழேல்ல. எஞ்சினை நிப்பாட்டு!"

"வாறாங்கள் அண்ணன்!"

"ஓடேக்க போட்டா கியர்ப் பல்லு நொருங்கும். நிப்பாட்டு!"

நான் நிறுத்த, அவர் எஞ்சின் மூடியைக் கழற்றினார். பிடியையும் கீழே கியருக்குப் போகும் கம்பியையும் இணைக்கும் ஊசி கழன்று விழுந்திருந்தது. கம்பியின் தலையைக் குறட்டால் கவ்வி அழுத்தியபடி, "விசிறியைக் கையால சுத்து" என்றார். நான் பின்பக்கம் குனிந்து, தண்ணீருக்குள் இருந்த விசிறியைச் சுற்றினேன். டக்கென்று கியர் விழுந்தது.

அதற்குள் அவர்கள் பக்கத்தில் வந்துவிட்டார்கள். இரும்புத் தடியின் முதல் அடி அவருடைய தோளில் விழுந்தது. இரண்டாவது தலையில். இரத்தம் சூடான எஞ்சினில் தெறித்துப் புகைந்தது. குறட்டை அவர் விடவில்லை. "இழுடா!" என்றார். என் முதுகிலும் அடி விழ, எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தேன். படகு பாய்ந்தது. எங்கள் விளிம்பைப் பிடித்திருந்தவன் இழுபட்டுக் கடலில் விழுந்தான்.

"குறட்டைத் தாங்க அண்ணன், நான் பிடிக்கிறன்."

"விட்டாக் கழண்டிடும். நீ ஓட்டு."

கரை வரும்வரை அழுத்திக்கொண்டே இருந்தார். மணலில் இறங்கி இரண்டு எட்டு வைத்தவர் குப்புற விழுந்தார். அதன்பின் பேசவேயில்லை.

நேற்று அடக்கம். அடித்தவர்களில் ஒருவனின் தம்பி மலர்வளையத்தோடு வந்தான். அக்கா அதைப் பறித்து அவன் முகத்திலேயே அடித்தார். பூ உதிர்ந்து வெறும் கம்பி வளையமான பிறகும் அடித்தார். அவன் கன்னம் கிழிந்தது. யாரும் அக்காவைப் பிடிக்கவில்லை, அவனும் விலகவில்லை. பிறகு பெட்டிக்குத் தோள் கொடுக்க வந்த அவனை நான் வீதியோர வடிகானுக்குள் தள்ளினேன்.

எழுந்து, சேற்றோடு, தூரத்தில் நடந்து வந்தான். எல்லோரும் மண் போட்டு முடிந்தபின் குழியருகே வந்து நின்று அக்காவைப் பார்த்தான். அக்கா தலையைத் திருப்பிக்கொண்டார். போகச் சொல்லவில்லை.

சென்று வாருங்கள், அண்ணன். உங்கள்மேல் கடைசியாக விழுந்த மண் அவன் போட்டது.